நாலு சுற்று, எட்டு வளைவு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பெண்களும் விளையாட்டும்’ என்று விழாக் குழுவினர் எனக்குத் தலைப்புத் தந்தார்கள். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். வலைப்பந்தில் கிண்ணம் கொண்டுவந்த அக்காமார் இரண்டாவது வரிசையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பது தெரிகிறது. நான் இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது ஒன்றுமில்லை. 800 மீற்றரில் நாலாமிடம். நாலாமிடத்துக்குச் சான்றிதழும் தருவதில்லை. ஆனபடியால் பெரிய தலைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு கூரையின் கீழே நான் கண்ட சில ஓட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கவும் இருக்கிறேன். அது என்னவென்று கட்டடக் குழுவினருக்கு ஓரளவு தெரியும்.

நான் ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் வசிக்கிறேன். 2024 மார்ச் 1ஆம் திகதி முதல் 3ஆம் திகதி வரை உலக உள்ளரங்க மெய்வல்லுநர் சாம்பியன்ஷிப் அந்த நகரில்தான் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடம், எமிரேட்ஸ் அரீனா என்று பெயர். செல்ரிக் உதைபந்தாட்டக் கழகத்தின் பெரிய மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. என் மகள் இரண்டு நாளுக்கு ரிக்கற் எடுத்திருந்தாள். அந்த நாட்டில் மார்ச் என்பது பெயருக்குத்தான் வசந்தம். கையுறை, கம்பளிச் சால்வை எல்லாவற்றோடும் உள்ளே போய், படியேறி, எங்கள் இருக்கையைக் கண்டுபிடித்துக் கீழே பார்த்தேன். பார்த்தவுடன் என் வாயில் வந்த வார்த்தை, “இது எங்கடை கிறவுண்ட் அல்லோ!”

மகள், “என்னம்மா சொல்லுறியள்?” என்றாள். அவள் இந்தக் கல்லூரியைப் படத்தில் மட்டுமே கண்டவள்.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் ஒலிம்பிக் ஓடுபாதை ஒரு சுற்று 400 மீற்றர். உள்ளரங்கில் ஒரு சுற்று 200 மீற்றர்தான். நமது கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்பு போட்டுக் கீறும் பாதையும் 200 மீற்றர். அதைவிடப் பெரிதாகக் கீற இடமில்லை. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் ஆரம்பப் பிரிவுக் கட்டடம், வடகிழக்கு வளைவில் வேப்பமரம். என்னுடைய காலத்தில் அது எங்களுக்குப் பெரிய வெட்கம். மற்றக் கல்லூரிகளில் 400 மீற்றர் பாதை இருக்கிறதாம், எங்களுடையது கோழிக்கூடு என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். நாற்பது வருடம் கழித்து, உலகத்தின் அதிவேகப் பெண்கள் ஓடுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்த அந்த இடத்தை மேலிருந்து பார்க்கிறேன், அதே கோழிக்கூடு. வேப்பமரம் மட்டும்தான் இல்லை.

1984இல் நான் பத்தாம் வகுப்பு. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் பெண்களுக்கு அப்போது 400 மீற்றருக்கு மேல் ஓட்டம் இருக்கவில்லை. அந்த வருடம் புதிதாக வந்த பி.ரி. ரீச்சர் 800 மீற்றரையும் சேர்த்தார். வீட்டிலே கையொப்பம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் கையொப்பம் அப்பாவுடையது, முடிவு அம்மம்மாவுடையது.

“பெரிசான பிள்ளைக்கு உந்த ஓட்டம் ஏன்? வயித்துக்குள்ளை ஏதும் பிசகினால் ஆர் பொறுப்பு?” என்றார் அம்மம்மா. நூறு மீற்றர் ஓடுவதில் அவருக்குப் பயமில்லை, அது கோழி துரத்துகிற தூரம். நாலு சுற்று என்றதுதான் பயம்.

ரீச்சர் ஒரு பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். வாதாடவில்லை. “நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. பிள்ளை விழுந்தால் நானே தூக்கிக்கொண்டு வந்து விடுறன்” என்று மட்டும் சொன்னார். அம்மம்மா வெள்ளைச் சீலை உடுத்து, வெற்றிலைப் பெட்டியோடு வந்து வேப்பமரத்துக்குக் கீழே இருந்தார். நான் நாலு முறை அவரைக் கடந்து போனேன். ஒவ்வொரு முறையும் ஒரு பாக்குத் துண்டை எடுத்து மடியில் வைத்துக் கணக்குப் பார்த்தாராம். ஓடி முடித்துத் திரும்பி வந்தபோது ரீச்சரிடம் சொன்னார்: “உவள் நிண்டு சிரிக்கிறாள். மூச்சு வாங்கினது நான்தான்.” அதன் பிறகு அவர் மறுத்ததில்லை.

அம்மம்மாவின் பயத்தை நான் பல காலம் எங்கள் ஊர்ப் பயம் என்றே நினைத்திருந்தேன். அது உலகப் பயம் என்று பின்னர்தான் தெரிந்தது. ஒலிம்பிக்கில் பெண்களை ஓட்டங்களுக்கு முதன்முதலாக அனுமதித்தது 1928இல், அம்ஸ்ரடாமில். அதில் 800 மீற்றரும் இருந்தது. இறுதிப் போட்டியில் 9 பேர். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையோடு வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் கினுயே ஹிதோமி. 100 மீற்றரில் தோற்ற ஏமாற்றத்தில் 800இல் இறங்கியவர் அவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் ஆனார். மறுநாள் பத்திரிகைகள் எழுதியது வேறு. பெண்கள் கொத்துக் கொத்தாக மயங்கி விழுந்தார்களாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். அந்த ஓட்டத்தின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. எழுதியது மிகையும் பொய்யும் என்று அதைப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஓடி முடித்த ஆண்களும்தான் தரையில் சாய்கிறார்கள். ஆனால் முடிவு எடுத்தாயிற்று. பெண்களின் 800 மீற்றர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, திரும்பி வந்தது 1960இல் ரோமில். 32 வருடம்! 1500 மீற்றர் 1972இல்தான் வந்தது. மரதன் வந்தது 1984இல், அம்மம்மா பாக்குத் துண்டு எண்ணிய அதே வருடத்தில். அம்மம்மாவாவது நேரில் வந்து பார்த்துவிட்டு மனதை மாற்றினார். அந்தப் பெரிய மனிதர்களுக்கு 32 வருடம் எடுத்தது.

இனிக் கிளாஸ்கோவுக்கு வருவோம்.

உள்ளரங்க ஓட்டம் வெளி ஓட்டத்தின் சின்ன வடிவம் என்று நினைக்க வேண்டாம். அது வேறொரு விளையாட்டு. 800 மீற்றர் வெளியே இரண்டு சுற்று, நாலு வளைவு. உள்ளே நாலு சுற்று, எட்டு வளைவு. நேரான பகுதிகள் சிறியவை. நிமிர்ந்து நாலு எட்டு வைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். வளைவில் ஆள் வெளியே தூக்கி எறியப்படாமல் இருப்பதற்காகத் தளத்தை வெளிப்பக்கம் உயர்த்தி, சுமார் 10 பாகை சரிவாக அமைத்திருப்பார்கள். ஆகவே முந்துவதற்காக வெளிப்பக்கம் போகிறவள் கூடுதல் தூரமும் ஓடுகிறாள், ஏற்றமும் ஏறுகிறாள்.

எவ்வளவு கூடுதல் தூரம்? இங்கே என் கணித ரீச்சர் இருக்கிறார், பிழை என்றால் திருத்துங்கள். வட்டத்தின் ஆரை ஒரு மீற்றர் கூடினால் பரிதி 2π மீற்றர், அதாவது ஏறக்குறைய 6.28 மீற்றர் கூடும். வட்டம் பெரிதோ சிறிதோ, கூடுவது அதே அளவுதான். எனவே முன்னால் போகிறவளுக்கு வெளியே ஒரு மீற்றர் தள்ளி ஓடுகிறவள், வெளி மைதானத்தின் இரண்டு சுற்றில் 12 மீற்றர்தான் நட்டப்படுவாள். உள்ளே நாலு சுற்றில் 25 மீற்றர். இந்தத் தரத்தில் ஓடுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட 4 செக்கன். பதக்கங்கள் ஒரு செக்கனுக்குள் தீர்மானிக்கப்படும் போட்டியில் 4 செக்கன்! அதனால்தான் உள்ளரங்கில் எல்லோரும் உட்கோட்டுக்கு அடிபடுகிறார்கள். முழங்கை படும், காலில் கால் தட்டும், ஒருத்தி உள்ளே அடைபட்டு வெளியே வர வழியில்லாமல் தவிப்பாள். இடம் கிடைக்கும், போகலாம் என்று பார்த்திருந்தால் ஓட்டம் முடிந்துவிடும். எந்த நேரம் வெளியே வந்து அந்த விலையைக் கொடுப்பது என்பதுதான் முழு வித்தை.

ஞாயிற்றுக்கிழமை நடந்த 800 மீற்றர் இறுதி ஓட்டத்தில் இதை நேரில் கண்டேன். கூட்டம் முழுக்க ஜெம்மா ரீக்கி என்ற ஸ்கொட்லாந்துப் பெண்ணின் பக்கம். கூரை இருப்பதால் சத்தம் வெளியே போக வழியில்லை. பந்தயம் தொடங்கும்போதே காது அடைத்தது. நானும் எழுந்து நின்று கத்தினேன், இத்தனை காலம் அந்த நாட்டு உப்பைத் தின்றிருக்கிறேன் அல்லவா? ஆனால் எத்தியோப்பியாவின் ட்சிகே டுகுமா யாரையும் முன்னே விடவில்லை. அவர் 2 நிமிடம் 1.90 செக்கனில் தங்கம், ரீக்கி 2:02.72 வெள்ளி. மூன்றாவதாக 2:03.15இல் வந்தவரைப் பார்த்துத்தான் நான் அதிகம் கைதட்டினேன். நோயெலி யாரிகோ, மேற்கு ஆபிரிக்காவின் பெனின் என்ற சிறிய நாட்டவர். வயது 38! நம்மில் பலர் 38 வயதில் பஸ்ஸுக்கு ஓடுவதையே நிறுத்திவிட்டோம்.

இந்த நேரங்களைக் கேட்டுக்கொண்டு பின்னால் நிற்கும் தங்கைமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் தங்கப்பதக்கம் நம் நாட்டுக்கு வந்தது. வென்றவர் கண்டி மாவட்டம் வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் படித்த தருஷி கருணாரத்ன. நேரம் 2:03.20. அப்போது வயது 18. அதே வருடம் ஜூலையில் பாங்கொக் ஆசிய சாம்பியன்ஷிப்பில் அவர் 2:00.66இல் ஓடியிருந்தார். கிளாஸ்கோவின் தங்கப்பதக்க நேரத்தைவிட அது குறைவு. வெளி ஓட்டத்தையும் உள்ளரங்க ஓட்டத்தையும் அப்படியே ஒப்பிடக்கூடாது, ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதன் வேகம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உலக மேடையில் பதக்கம் பெறும் நேரம் நம்மால் எட்ட முடியாத எங்கோ வானத்தில் இல்லை. ஒரு பாடசாலைப் பிள்ளை அதைத் தொட்டுவிட்டாள்.

800 மீற்றருக்கு முதல்நாள், சனிக்கிழமை இரவு, 3000 மீற்றர். பதினைந்து சுற்று, முப்பது வளைவு. சுற்றை எண்ணுவதற்கே அம்மம்மாவின் பாக்குப் பெட்டி தேவை. முன்னுக்குப் போனவர் எத்தியோப்பியாவின் குடாஃப் ட்செகாய். 10,000 மீற்றரில் அப்போதைய உலக சாம்பியன், 5000 மீற்றரில் உலக சாதனை வைத்திருந்தவர். தடை தாண்டி ஓடும் 3000 மீற்றரில் உலக சாதனைக்காரியான கென்யாவின் பீற்றிஸ் செப்கோயெச்சும் கூட ஓடினார். இவர்களுக்குப் பின்னால் அமெரிக்காவின் எல் சென் பியர் என்ற பெண் ஒட்டிக்கொண்டே வந்தார். வெர்மொன்ற் மாநிலத்தில் கணவரோடு மாட்டுப்பண்ணை நடத்துகிறவர். கடைசி நேர்ப்பகுதியில் வெளிப்பக்கம் வந்து ட்செகாயை முந்திவிட்டார். 8 நிமிடம் 20.87 செக்கன், சாம்பியன்ஷிப் சாதனை. இருவருக்கும் இடையே 0.26 செக்கன்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் எனக்குச் சொன்னார், சென் பியருக்கு மகன் பிறந்தது 2023 மார்ச்சில் என்று. ஒரு வருடம்! நான் மகளைப் பெற்று ஒரு வருடத்தில் மாடிப்படி ஏறிவிட்டு நடுவில் நின்று இளைத்தவள். பிள்ளை பெற்றால் பெண்ணின் ஓட்டம் முடிந்தது என்று சொன்னவர்களும், ஓடினால் பிள்ளை பெறமாட்டாள் என்று பயந்தவர்களும் அந்த மண்டபத்தில் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். என் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏனம்மா அழுறியள்?” என்று கேட்டாள். உள்ளே காற்று வரட்சி என்றேன். அது முழுப் பொய்யுமில்லை. சூடாக்கிய வரண்ட காற்றில் கடுமையாக ஓடியவர்கள் முடிந்தபின் நீண்ட நேரம் இருமிக்கொண்டே இருப்பார்கள். உள்ளரங்க ஓட்டக்காரரின் இருமல் எல்லோரும் அறிந்த ஒன்று.

ஸ்கொட்லாந்துக்காரி ஒருத்தியைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஊருக்குத் திரும்ப முடியாது. லோரா மியூர். 2018இல் இதே சாம்பியன்ஷிப் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் நடந்தது. அந்த வாரம் கடும் பனிப்புயல். ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. மியூர் அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தவர். கிளாஸ்கோவில் ரக்சி பிடித்துப் பேர்மிங்ஹாம் போனார். இங்கிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போகிற தூரம், பனிக்குள்ளே. போய்ச் சேர்ந்து 3000 மீற்றரில் வெண்கலம், பிறகு 1500 மீற்றரில் வெள்ளி. பரீட்சை இருக்கிறது, ஓட வரமாட்டேன் என்று உயர்தர வகுப்போடு காலணியைக் கழற்றி வைக்கும் நம் பிள்ளைகளுக்கு நான் இவரைத்தான் சொல்வது. அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் கழற்றி வைத்தேன். என்னைத் தடுக்க ஒருவரும் வரவில்லை. ரீச்சர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார்.

பனிநாட்டு விளையாட்டு நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உள்ளரங்க ஓட்டம் பனிக்காலத்தால் பிறந்தது என்பது உண்மை. வெளியே ஓட முடியாத மாதங்களுக்காக உள்ளே ஓடினார்கள். உலகப் போட்டி என்று 1985இல் பாரிஸில் நடத்திப் பார்த்து, 1987இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தினார்கள். 800, 1500, 3000 மூன்றும் தொடக்கத்திலேயே பெண்களுக்கும் இருந்தன. அந்த வகையில் ஒலிம்பிக்கைவிட இது நல்ல பிள்ளை. ஆனால் இந்தப் பனிநாட்டு ஓட்டத்தின் அரசி யார் தெரியுமா? கடலோரத்து வெப்பநகரமான மபூட்டோவின் சேரிப்பகுதியில் பிறந்தவர். மொசாம்பிக்கின் மரியா முட்டோலா.

1972இல் பிறந்தவர். சிறுவயதில் பையன்களோடு உதைபந்தாடினார். பெண்பிள்ளையை ஆடவிடலாமா என்று பிரச்சினை வந்தது. ஜோசே கிறவெய்ரின்யா என்ற அந்த நாட்டுக் கவிஞர்தான் அவரை ஓட்டத்தின் பக்கம் திருப்பினார். கவிஞர்களாலும் சில சமயம் பிரயோசனம் உண்டு. அவருடைய நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். போருக்குள்ளே வளர்ந்த பிள்ளை, 15 வயதில் சியோல் ஒலிம்பிக்கில் ஓடினார். 1991இல் புலமைப்பரிசிலில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துக்குப் போய், அங்கே பாடசாலைப் பிள்ளையாகவே படித்துப் பயிற்சி பெற்றார்.

1993, 1995, 1997, 2001, 2003, 2004, 2006. இவை அவர் உலக உள்ளரங்க 800 மீற்றரில் தங்கம் வென்ற வருடங்கள். ஏழு. இடையில் 1999இல் வெள்ளி. கடைசியாக 2008இல், 35 வயதில் வெண்கலம். அந்தப் பதினைந்து வருடத்தில் நடந்த ஒன்பது சாம்பியன்ஷிப்புகளில் ஒன்றிலிருந்தும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. இடையே 2000இல் சிட்னி ஒலிம்பிக்கிலும் தங்கம். மொசாம்பிக்கின் முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். இத்தனைக்கும் அவர் பிறந்த ஊரில் பனியும் இல்லை. நாமும் போருக்குள்ளே வளர்ந்தவர்கள். அவருக்கு இருந்ததில் நம்மிடம் இல்லாதது என்ன என்று நான் பலதடவை யோசித்திருக்கிறேன். பிள்ளையைப் பார்த்து, நீ ஓடு என்று சொன்ன ஒருவர், அதன்பிறகு அவளை ஓடவிட்ட ஓரிடம். முதலாவது நமக்கும் சைக்கிளில் வந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறேன்.

அதற்கு முன் என் நாலாமிடத்தின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். மாவட்டப் போட்டி, ஆண்கள் கல்லூரி ஒன்றின் 400 மீற்றர் மைதானம். நான் அதுவரை ஓடியதெல்லாம் நமது மைதானத்தில். மனதுக்குள் என் கணக்கு, வேப்பமரத்தை நாலாம் முறை கடக்கும்போது வேகம் எடுக்க வேண்டும் என்பது. அங்கே மரமுமில்லை, நாலு சுற்றுமில்லை. மணி அடித்தார்கள், அது கடைசிச் சுற்று என்று மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. நான் வேகம் எடுத்தபோது முன்னால் போனவர்கள் முடித்துவிட்டார்கள். மைதானம் சின்னன் என்பதால் தோற்றேன் என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். அந்தக் கோபம் எனக்கு நாற்பது வருடம் இருந்தது. கிளாஸ்கோவில்தான் போனது. நாங்கள் நாலு சுற்றாக, எட்டு வளைவாக, ஒருத்தியின் முழங்கை ஒருத்தியில் பட ஓடியது குறைபாடான 800 மீற்றர் அல்ல. உலக சாம்பியன்ஷிப்பில் ஓடப்படும் 800 மீற்றர்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நூற்றாண்டு மண்டபத்தின் வரைபடம் வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. அழகான மண்டபம். மழை நாளில் பிள்ளைகள் விறாந்தையில் நெருக்கியடித்துக்கொண்டு காலைப் பிரார்த்தனைக்கு நிற்பதை நானும் கண்டேன், மண்டபம் வேண்டும். என் பங்குப் பணத்தையும் அனுப்பிவிட்டேன், அதைத் திரும்பக் கேட்கமாட்டேன். ஆனால் அந்த வரைபடத்தில் மண்டபத்தின் மேற்குச் சுவர் மைதானத்துக்குள் 12 மீற்றர் வருகிறது. 200 மீற்றர் பாதை நாலு ஓடுபாதையோடு அமைய ஏறத்தாழ 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் தேவை. நம்மிடம் அவ்வளவுதான் இருக்கிறது, ஒரு முழம் கூட மிச்சமில்லை. அகலத்தில் 12 மீற்றர் போனால் வளைவின் ஆரை 6 மீற்றர் குறையும். சுற்றும் சுருங்கும். வேகமாக ஓடுகிற பிள்ளை அந்த வளைவில் திரும்ப முடியாது, சறுக்கும். 800 மீற்றர் நாலு சுற்றில் அடங்காது. பிறகு அது ஓட்டமில்லை, செக்குச் சுற்றுவது.

ஓடுகிற பிள்ளைகள் எத்தனை பேர், ஆயிரம் பேருக்கு மண்டபம் பெரிதா, பத்துப் பேருக்கு மைதானம் பெரிதா என்று நேற்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. நேற்றுப் பின்னேரம் நான் போய் எண்ணினேன். எட்டுப் பேர் ஓடினார்கள். அதில் ஒரு பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் வேப்பமரத்தை எட்டித் தொட்டுவிட்டுப் போனாள். ஏனென்று கேட்டேன். “கணக்குப் பிழைக்காமல் இருக்க, அன்ரி” என்றாள். வரைபடத்தில் அந்த மரமும் இல்லை.

கட்டடக் குழுவிடம் என் வேண்டுகோள் மண்டபத்தை நிறுத்துங்கள் என்பதல்ல. பழைய மனையியல் கூடம் இருக்கும் இடம் இப்போது பாவனையில் இல்லை. அதையும் சேர்த்து மேல்மாடியோடு கட்டினால் இந்த 12 மீற்றர் தேவைப்படாது என்று எனக்குப் படுகிறது. நான் பொறியியலாளர் இல்லை. நம் பழைய மாணவிகளில் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேரை இங்கேயே காண்கிறேன். செலவு கூடினால் கிளாஸ்கோவிலும் லண்டனிலும் இருக்கும் நாங்கள் அந்த மேலதிகத் தொகைக்குப் பொறுப்பேற்கிறோம். இதை நான் ஒருத்தியாகச் சொல்லவில்லை, வருவதற்கு முன் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏற முன், 50 மீற்றர் அளவுநாடாவோடு வேப்பமரத்தடியில் நிற்பேன். அந்தப் பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கக் கட்டடக் குழுவிலிருந்து ஒருவர் வந்தால் உதவியாக இருக்கும். தேத்தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.